புங்க மரப் பாலம்

எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேலருக்குக் கடல் பிளந்து வழிவிட்டது, பிறகு 40 வருஷம் பாலைவனத்தில் அலைந்தார்கள் என்கிறது பைபிள். நம்ம தென்மாவட்டக் கரிசலில் குடியேறிய தெலுங்கு பேசும் ராஜகம்பளத்தாரிடமும் இதே சாயலில் ஒரு கதை உண்டு. பெண் கேட்டு மிரட்டிய முஸ்லிம் அரசனுக்குப் பயந்து தெற்கே ஓடி வந்தார்களாம். குறுக்கே ஆற்றில் வெள்ளம். இரு கரையிலும் நின்ற புங்க மரங்கள் வளைந்து பாலமாக, அதில் ஏறிக் கடந்தார்களாம். தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது. கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'த்திலும் இப்படி ஒரு மரம் வரும்.

சரித்திரமோ வேறு மாதிரி சொல்கிறது. விஜயநகரப் படை 14-ம் நூற்றாண்டிலேயே மதுரை சுல்தான்களை வென்றுவிட்டது. 1529 வாக்கில் விசுவநாத நாயக்கர் ஆட்சிக்கு வந்து, பாளையங்கள் உண்டாயின. தெலுங்கர் பலர் வந்தது படைவீரராக, பாளையக்காரராக. கட்டபொம்மனும் ராஜகம்பளத்தார்தான். பிறகு ஏன் துரத்தப்பட்ட கதை? ஜெயித்து வந்தவனைவிட தப்பி வந்தவனுக்கு ஊர் சீக்கிரம் இடம் கொடுக்கும் என்பதாலோ என்னவோ! சினாயிலும் அத்தனை பெரிய கூட்டம் தங்கிய தடயம் அகழ்வாய்வில் கிடைக்கவில்லை.

ஒரு வித்தியாசம். இஸ்ரவேலருக்கு வாக்களிக்கப்பட்டது பாலும் தேனும் ஓடும் தேசம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வந்தவர்களுக்குக் கிடைத்தது வானம் பார்த்த பூமி. பருத்தி, கம்பு, சோளம். குண்டாறுகூட மழை பெய்தால்தான் ஆறு.