அனுமதி மறுத்த நான்கு வரிகள்

ஓர் அலுவலகத்தின் சம்பளக் கணக்கு மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் இருக்கிறது. பழைய இயந்திரத்துக்கு வயதாகிவிட்டது. சம்பளம்.எம்டிஎஃப் என்ற தரவுக் கோப்பைப் புதிய சர்வருக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே நான்கு பிழைச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இடம் மாறிய தரவுத்தளங்களில் அடிக்கடி தலைகாட்டும் நான்கு இவை.

மேலோட்டமாகப் படித்தால் நான்கும் ஒரே சேதிதான்: உள்ளே விட முடியாது. ஆனால் மறுப்பவர் ஒவ்வொரு வரியிலும் வேறு. முதலில் விண்டோஸ், அடுத்து சர்வர், பிறகு தரவுத்தளம், கடைசியில் ஓர் அட்டவணை. மறுத்தவர் யாரென்று பார்க்காமல் தேடும் தீர்வு வேறொருவரிடம் போய்ச் சேரும். அதனால் இந்த நான்கு வரிகளுக்கும் துண்டு துண்டாக உரை எழுதிப் பார்ப்போம்.

மூலம் 1

“பிழை 5120. ‘டி:\டவுன்லோட்ஸ்\சம்பளம்.எம்டிஎஃப்’ கோப்பைத் திறக்க முடியவில்லை. இயங்குதளப் பிழை 5: அணுகல் மறுக்கப்பட்டது.”

உரை

‘இயங்குதளப் பிழை’ என்றது, மறுத்தது எஸ்க்யூஎல் சர்வர் அல்ல, விண்டோஸ் என்பதால். சர்வர் தனக்கு நேர்ந்ததைத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். பாஸ்வேர்டை மாற்றியோ புதிய லாகின் உருவாக்கியோ இதைத் தீர்க்க முடியாது.

‘5’ என்ற எண்ணே நோயின் பெயர். அந்த இடத்தில் 2 இருந்தால் கோப்பு இல்லை. 3 இருந்தால் ஃபோல்டர் பாதை தவறு. 32 இருந்தால் வேறொரு நிரல் கோப்பைப் பிடித்துவைத்திருக்கிறது. பழைய சர்வர் சேவை இன்னும் ஓடிக்கொண்டிருந்தாலோ, ஆன்டிவைரஸோ பேக்கப் நிரலோ கோப்பைத் திறந்து வைத்திருந்தாலோ 32 வரும். 5 என்றால் கோப்பு இருக்கிறது, திறக்க வந்தவருக்கு உரிமை இல்லை.

திறக்க வந்தவர் யார்? பெரும்பாலும் திரைமுன் உட்கார்ந்திருப்பவர் அல்ல. எஸ்க்யூஎல் சர்வர் ஒரு சேவையாக, தனக்கென ஒரு கணக்கில் ஓடுகிறது. 2012 பதிப்பிலிருந்து வழக்கமான நிறுவலில் அந்தக் கணக்கு ‘என்டி சர்வீஸ்\எம்எஸ்எஸ்க்யூஎல்சர்வர்’. கோப்பின் செக்யூரிட்டி பட்டியலில் இந்தப் பெயருக்கு உரிமை வேண்டும். தரவுத்தளத்தை இணைக்கிறவர் விண்டோஸ் கணக்கில் உள்ளே வந்திருந்தால் அவருடைய உரிமையும் பார்க்கப்படுவதுண்டு. மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவை ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்ததும் சிலருக்குச் சிக்கல் மறைவது இதனால்தான்.

‘டவுன்லோட்ஸ்’ என்பதும் கவனிக்கத்தக்கது. சர்வர் நிறுவப்படும்போதே தன்னுடைய டேட்டா ஃபோல்டருக்கு வேண்டிய உரிமையைத் தானே அமைத்துக்கொள்கிறது. கோப்பு அங்கே போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் ஒரே டிரைவுக்குள் கட் செய்து ஒட்டினால் கோப்பு தன் பழைய அனுமதிகளையும் சுமந்துகொண்டு போகும். காப்பி செய்தால்தான் புதிய ஃபோல்டரின் அனுமதிகளைப் பெறும். கூடவே எல்டிஎஃப் என்ற லாக் கோப்பையும் மறக்கக் கூடாது. எம்டிஎஃப்புக்கு உரிமை கொடுத்துவிட்டு எல்டிஎஃப்பை விட்டுவிட்டால் அதே மறுப்பு மறுபடி வரும்.

மூலம் 2

“பிழை: 18456, தீவிரம்: 14, நிலை: 8. ‘கணக்கர்’ லாகின் தோல்வி. காரணம்: கொடுத்த பாஸ்வேர்ட் இந்த லாகினுக்குரிய பாஸ்வேர்டுடன் பொருந்தவில்லை. [கிளையன்ட்: 192.168.1.25]”

உரை

நான்கில் அதிகம் தேடப்படுவதும், அரைகுறையாகப் படிக்கப்படுவதும் இந்த வரிதான். காரணம், கணக்கர் தன் திரையில் காண்பது இதன் பாதி மட்டுமே. அவருக்கு ‘லாகின் தோல்வி’ என்பதோடு செய்தி முடிந்துவிடும். நிலை எண் என்று ஏதாவது தெரிந்தால் அது 1 ஆகத்தான் இருக்கும். முழு வரி சர்வரின் எரர் லாக்கில் இருக்கிறது.

இந்த மறைப்பு வேண்டுமென்றே செய்யப்பட்டது. பெயர் தவறா, பாஸ்வேர்ட் தவறா என்று வாசலிலேயே சொல்லிவிட்டால், கதவைத் தட்டிப் பார்க்கும் திருடனுக்குப் பாதி வேலை மிச்சம். ஆகவே பயனர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை வைத்து ஆராய்வதில் பலன் இல்லை. மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ‘எஸ்க்யூஎல் சர்வர் லாக்ஸ்’ பகுதியைத் திறந்து, அதே நேரத்துக்குரிய வரியைப் பார்க்க வேண்டும். வழக்கமான அமைப்பில் நடப்பு லாக்கும் அதற்கு முந்தைய ஆறும் பாதுகாக்கப்படும். தோற்றுப்போன லாகின்கள் மட்டும் பதிவாகும்.

‘தீவிரம்: 14’ என்றது பாதுகாப்பு, அனுமதி வகையைச் சேர்ந்த பிழை என்று காட்ட. 11 முதல் 16 வரை பயனர் தரப்பிலேயே திருத்தக்கூடியவை. 20-க்கு மேல் போனால்தான் பதற வேண்டும்.

‘நிலை: 8’ என்பதே இந்த வரியின் உயிர். பெயர் சரி, பாஸ்வேர்ட் தவறு என்று பொருள். இந்த எண் மாறினால் வைத்தியமும் மாறும். 5 என்றால் அந்தப் பெயரில் லாகினே இல்லை. கோப்பு மட்டும் வந்தது, லாகின்கள் பழைய சர்வரிலேயே தங்கிவிட்டன. 6 என்றால் விண்டோஸ் கணக்கின் பெயரை எஸ்க்யூஎல் லாகின் கட்டத்தில் தட்டியிருக்கிறார்கள். 7 என்றால் லாகின் முடக்கப்பட்டிருக்கிறது, பாஸ்வேர்டும் தவறு. 18 என்றால் பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும். 38 என்றால் ஆள் சரி, அவர் பெயர் சொல்லிக் கேட்ட தரவுத்தளம் திறக்கவில்லை. 58 என்றால் சர்வர் விண்டோஸ் கணக்குகளை மட்டுமே ஏற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

58-ஐப் பார்த்தவுடன் சர்வரை இரண்டு வகை லாகினையும் ஏற்கும் மிக்ஸட் மோடுக்கு மாற்றுவார்கள். மாற்றம் நடைமுறைக்கு வர சேவையை நிறுத்தித் தொடங்க வேண்டும். அதன்பிறகும் ‘எஸ்ஏ’ என்ற தலைமை நிர்வாகி கணக்கில் உள்ளே போக முடியாது. விண்டோஸ் முறையில் நிறுவும்போது எஸ்ஏ முடக்கப்படுகிறது. முறையை மாற்றினாலும் அது தானாக உயிர்பெறாது. அதை அப்படியே விட்டுவைப்பதே நல்லது.

‘கணக்கர்’ இருக்கும் இடத்தில் எதிர்பாராத பெயர் வந்தால் அதுவே துப்பு. ‘அனானிமஸ் லாகான்’ என்று வந்தால், பயனரின் அடையாளம் நடுவிலிருக்கும் வெப் சர்வரைத் தாண்டி வரவில்லை. கெர்பரோஸ் அமைப்பைப் பார்க்க வேண்டும். டாலர் குறியில் முடியும் பெயர் வந்தால், கேட்டது மனிதர் அல்ல, ஒரு கணினியின் கணக்கு.

‘கிளையன்ட்’ எண் கேட்டவர் இருக்கும் இடம். உள் நெட்வொர்க் முகவரியென்றால் பெரும்பாலும் யாரோ பழைய பாஸ்வேர்டைச் சேமித்துவைத்த நிரலை ஓட்டுகிறார். முன்பின் தெரியாத வெளி முகவரிகளிலிருந்து நிமிடத்துக்குப் பல தடவை ‘எஸ்ஏ’ தோல்வி பதிவானால், 1433 போர்ட் இணையத்துக்குத் திறந்துகிடக்கிறது. 2002 மே மாதம் பரவிய ஸ்பைடா என்ற புழு, பாஸ்வேர்டே வைக்காத எஸ்ஏ கணக்குகளைத் தேடித்தான் சர்வர்களுக்குள் புகுந்தது.

மூலம் 3

“பிழை 4060. லாகின் கேட்ட ‘சம்பளம்’ தரவுத்தளத்தைத் திறக்க முடியவில்லை. லாகின் தோல்வி.”

உரை

இங்கேயும் ‘லாகின் தோல்வி’ என்று வருவதால் பாஸ்வேர்டை மறுபடி மாற்றத் தோன்றும். மாற்ற வேண்டாம். பாஸ்வேர்ட் ஏற்கப்பட்டாயிற்று, அடுத்த வாசலில்தான் தடை. லாக்கில் இது 18456, நிலை 38 என்று பதிவாகும்.

‘திறக்க முடியவில்லை’ என்பதற்கு மூன்று பொருள் உண்டு. தரவுத்தளத்தின் பெயர் எழுத்துப்பிழையோடு கேட்கப்பட்டிருக்கலாம். தரவுத்தளம் ஆஃப்லைனாகவோ சிங்கிள் யூசர் நிலையிலோ இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால், இந்த லாகினுக்கு அந்தத் தரவுத்தளத்துக்குள் யூசர் இல்லை. கோப்பு இடம் மாறியபின் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த மூன்றாவதைத்தான்.

லாகின் சர்வருக்கு உரியது; மாஸ்டர் தரவுத்தளத்தில் பதிவாகியிருக்கிறது. யூசர் அந்தந்தத் தரவுத்தளத்துக்கு உரியவர், சம்பளம்.எம்டிஎஃப் கோப்புக்குள்ளேயே இருந்து அதனோடு பயணம் செய்கிறார். இருவரையும் இணைப்பது பெயர் அல்ல, எஸ்ஐடி என்ற அடையாள எண். ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம். ரேஷன் கார்டு எண் ஒன்றாக இருக்காது. புதிய சர்வரில் ‘கணக்கர்’ லாகினைப் புதிதாக உருவாக்கும்போது அதற்குப் புதிய எஸ்ஐடி விழுகிறது. கோப்புக்குள் இருக்கும் ‘கணக்கர்’ யூசரோ பழைய எஸ்ஐடியையே வைத்திருக்கிறார். இப்படித் தொடர்பு அறுந்த யூசர்தான் ‘ஆர்ஃபன் யூசர்’.

குழப்பம் இதோடு நிற்பதில்லை. யூசர் இல்லை என்று நினைத்து ‘கணக்கர்’ பெயரில் யூசரை உருவாக்கப்போனால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று 15023 பிழை வரும். ஒரு பக்கம் ஆள் இல்லை, மறுபக்கம் ஆள் இருக்கிறார். இரண்டும் உண்மை.

பரிகாரம் ஒரே வரி: ‘ஆல்டர் யூசர் கணக்கர் வித் லாகின் = கணக்கர்’. பழைய யூசரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கலாம்தான். அப்படிச் செய்தால் அவருக்குப் பல காலமாகத் தேடித்தேடிக் கொடுத்த அனுமதிகளெல்லாம் போய்விடும். கோப்பு அடிக்கடி இடம் மாறும் என்றால், புதிய சர்வரில் லாகினை உருவாக்கும்போதே பழைய எஸ்ஐடியைக் குறிப்பிட்டு உருவாக்கலாம். ஒரே டொமைனில் உள்ள விண்டோஸ் லாகின்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுடைய எஸ்ஐடி டொமைனிலிருந்து வருகிறது, எந்தச் சர்வரிலும் மாறாது. 2012 பதிப்பில் வந்த கன்டெய்ன்ட் தரவுத்தளத்தில் பாஸ்வேர்டையே கோப்புக்குள் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு.

மூலம் 4

“பிழை 229. ‘சம்பளம்’ தரவுத்தளத்தில், ‘டிபிஓ’ ஸ்கீமாவில், ‘ஊழியர்’ மீது செலக்ட் அனுமதி மறுக்கப்பட்டது.”

உரை

நான்கில் மிகத் தெளிவாகப் பேசுவது இது. எந்தச் செயல், எந்தப் பொருள், எங்கே என்று எல்லாமே சொல்லிவிட்டது. ஏன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அனுமதி தரும் கிராண்ட் கொடுக்கப்படாமல் இருக்கலாம். அல்லது வெளிப்படையாகத் தடுக்கும் டினை போடப்பட்டிருக்கலாம். ஒருவர் மூன்று ரோல்களில் இருந்து, இரண்டில் கிராண்ட், ஒன்றில் டினை என்றால் டினைதான் வெல்லும். அங்கே புதிதாக இன்னொரு கிராண்ட் கொடுப்பதில் பயன் இல்லை; டினை எந்த ரோலிலிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

நேற்றுவரை ஓடிய அறிக்கை இன்று 229 தருகிறதென்றால் ஸ்டோர்டு புரொசீஜரைத் திறந்து பாருங்கள். புரொசீஜருக்கும் அட்டவணைக்கும் ஒரே உரிமையாளர் என்றால், புரொசீஜரை இயக்கும் உரிமை மட்டும் போதும். அட்டவணையின் அனுமதி கேட்கப்படுவதில்லை. அதற்குள் யாராவது டைனமிக் எஸ்க்யூஎல் எழுதிவிட்டால் அந்தச் சலுகை அறுந்துவிடும். ‘எக்ஸிக்யூட் அஸ் யூசர்’ போட்டுக் கணக்கராகவே மாறி ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரியும். முடிந்ததும் ‘ரிவர்ட்’ போட வேண்டும்.

தொகுப்புரை

நான்கு வரிகளையும் ஒரே நொடியில் மறையச் செய்யும் குறுக்குவழிகள் பல அலுவலகங்களில் பழக்கம். ஃபோல்டரில் ‘எவ்ரிஒன்’ பெயருக்கு ஃபுல் கன்ட்ரோல். எல்லா நிரலுக்கும் எஸ்ஏ பாஸ்வேர்ட். கணக்கருக்கு சிஸ்அட்மின் ரோல். சிஸ்அட்மின் ஆனவரிடம் அனுமதிச் சோதனையே நடப்பதில்லை, டினை கூட அவரைத் தடுக்காது. பிழை போய்விடும், கூடவே காவலும் போய்விடும். அவசரத்தில் கொடுத்தது பிறகு யாருக்கும் நினைவிருப்பதில்லை. ஆகவே வேலை முடிந்த அன்றே சிஸ்அட்மின் பட்டியலையும் டேட்டா ஃபோல்டரின் செக்யூரிட்டி பட்டியலையும் ஒருமுறை பார்த்து, அன்று அவசரத்துக்காகச் சேர்த்தவற்றை நீக்கிவிட வேண்டும்.

முதல் மூன்று மறுப்புகளும் இடமாற்றத்தில் அறுந்த இணைப்புகள், கட்டிவிட்டால் தீரும். நான்காவது அப்படியல்ல. அது சரியாகவே மறுத்திருக்கலாம். எல்லா ஊழியர்களின் சம்பளத்தையும் கணக்கர் பார்க்கலாமா கூடாதா என்பது சர்வருக்குத் தெரியாது; அதை முடிவு செய்ய வேண்டியவர் சம்பளக் கணக்குக்குப் பொறுப்பான அதிகாரி. அவரிடம் கேட்காமல் அட்மின் கிராண்ட் கொடுக்கக் கூடாது.