எஞ்சின் பாகங்களுக்கான தூள் பூச்சின் வரலாறு

தூள் பூச்சு (பவுடர் கோட்டிங்) என்பது தின்னர் போன்ற கரைப்பான் எதுவும் சேராத உலர்ந்த வண்ணத் தூளை உலோகத்தின் மீது படியவைத்து, சூட்டில் உருக்கி, ஒரே படலமாக இறுகச் செய்யும் முறையாகும். தொழிற்சாலைகளுக்காக உருவான இம்முறை, பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஆர்வலர்களின் வீட்டுக் கொட்டகையை எட்ட ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

இதன் முதல் வடிவத்தை ஜெர்மனியைச் சேர்ந்த எர்வின் கெம்மர் 1950களின் தொடக்கத்தில் உருவாக்கினார். இதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1958 இல் வழங்கப்பட்டது. நுண்துளைகள் கொண்ட அடித்தட்டின் வழியே காற்றைச் செலுத்தினால், தொட்டியில் உள்ள பிளாஸ்டிக் தூள் கொதிக்கும் நீர்போல் பொங்கி மிதக்கும். முன்பே நன்கு சூடாக்கிய உலோகப் பாகத்தை அதில் முக்கி எடுத்தால் தூள் உருகி ஒட்டிக்கொள்ளும். குழாய்களுக்கும் மின்காப்புக்கும் இது பொருந்தியது. ஆனால் படலம் மிகத் தடிமனாக அமைந்ததால், அளவு துல்லியமாக இருக்க வேண்டிய எஞ்சின் பாகங்களுக்கு அது ஏற்றதாக இல்லை.

உண்மையான திருப்பம் 1960களில் வந்த நிலைமின் தெளிப்பு முறைதான். துப்பாக்கியிலிருந்து வெளிவரும் தூளுக்கு உயர் மின்னழுத்தத்தால் மின்னேற்றம் தரப்படும். பாகம் எர்த் செய்யப்பட்டிருப்பதால் தூள் அதன் பின்புறத்தையும் ஓரளவு சுற்றிப் பிடிக்கும். இனி உலோகத்தை முன்கூட்டியே சூடாக்க வேண்டியதில்லை. படலமும் 60 முதல் 80 மைக்ரான் வரை மெலிந்தது. இதே காலத்தில் சூட்டில் இறுகும் எப்பாக்சித் தூள்களும் பரவின. எப்பாக்சி வெயிலில் வெளுத்துப் பொடியும். எனினும் எண்ணெயைத் தாங்கும். பானட்டுக்கு அடியில் வெயில் ஏது?

இம்முறை பரவ அழகு மட்டும் காரணமன்று. பெயின்ட் உலரும்போது ஆவியாகும் கரைப்பான்கள் காற்றைக் கெடுப்பதால், லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் 1966 இல் 'விதி 66' மூலம் அவற்றைக் கட்டுப்படுத்தியது. 1970 இன் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் ஆலைகள் மீதான நெருக்குதலைக் கூட்டியது. தூள் பூச்சில் ஆவியாகிப் போவது மிகக் குறைவு. சிந்திய தூளையும் சேகரித்து மீண்டும் பயன்படுத்தலாம்.

பின்னாளில் சிறிய, மலிவான துப்பாக்கிகள் ஆர்வலர்களின் கைக்குக் கிடைத்தன. துப்பாக்கி சிறுத்தது, அடுப்பு சிறுக்கவில்லை. பெரும்பாலான தூள்கள் இறுக, உலோகமே (அடுப்பின் காற்று மட்டுமன்று) சுமார் 180 முதல் 200 பாகை செல்சியசு வெப்பத்தில் 10 முதல் 20 நிமிடம் இருக்க வேண்டும். எனவே பழைய மின்சாரச் சமையல் அடுப்பே வீட்டுப் பட்டறையின் சூளையாயிற்று. அதில் மீண்டும் உணவு சமைக்கக் கூடாது. காற்றில் மிதக்கும் தூள் தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடும் என்பதால் எரிவாயு அடுப்பு பெரும் ஆபத்து. தூளைச் சுவாசிப்பதும் நுரையீரலுக்குக் கேடு. கரைப்பான் இல்லை என்பதற்காக முகக்கவசத்தைக் கைவிட முடியாது.

வார்ப்பு அலுமினியம் வேறொரு தொல்லை தந்தது. பல ஆண்டு ஓடிய வால்வு கவரின் நுண்துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும். சூட்டில் அது வாயுவாக வெளியேறிப் படலத்தில் கொப்புளம் எழுப்பும். அதனால் பூசுவதற்கு முன்பே பாகத்தை ஒருமுறை வெறுமனே சுட்டு எடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஒடுங்கிய மூலைகளிலும் துடுப்புகளுக்கு இடையிலும் மின்புலம் நுழையாததால் தூள் படிவது இன்றும் கடினமே. மரைகள், கேஸ்கெட் அமரும் பரப்புகள் ஆகியவற்றை வெப்பம் தாங்கும் நாடாவால் மறைக்க வேண்டும்.

இவ்வாறு, வீட்டில் எவற்றுக்குத் தூள் பூசலாம் என்பதைப் பெரும்பாலும் அடுப்பின் அளவே தீர்மானித்தது. வால்வு கவர், புல்லி, பிராக்கெட் ஆகியவை உள்ளே அடங்கின. எக்சாஸ்ட் மேனிஃபோல்டின் வெப்பத்தில் சாதாரணத் தூள் கருகிவிடும் என்பதால் அதற்குச் சிலிக்கோன் சார்ந்த பெயின்ட் பயன்படுகிறது. அடுப்பில் நுழையாத எஞ்சின் பிளாக்கிற்கு, வீட்டுப் பட்டறைகளில் இன்றும் திரவ எனாமலே பூசப்படுகிறது.