கோவா அயர்ன்மேன் 70.3

கோவா அயர்ன்மேன் 70.3, பணஜி நகரை ஒட்டிய மிராமர் கடற்கரையை மையமாகக் கொண்டு நடக்கும் நெடுந்தூர டிரையத்லான் போட்டி. கடலில் 1.9 கி.மீ. நீச்சல், அடுத்து 90 கி.மீ. சைக்கிள், கடைசியாக 21.1 கி.மீ. ஓட்டம். மூன்றையும் இடைவெளி இல்லாமல் எட்டரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். அயர்ன்மேன் முத்திரையுடன் இந்தியாவில் நடந்த முதல் போட்டி இதுவே. 2019 அக்டோபர் 20 அன்று தொடங்கியது. கொரோனா காரணமாக 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் நடக்கவில்லை. 2022 நவம்பர் 13 அன்று மறுபடி நடந்தது. அதன்பின் ஆண்டு தவறாமல் நடந்து வருகிறது.

பெயரில் உள்ள 70.3 மைல் கணக்கு. 1.2 மைல் நீச்சல், 56 மைல் சைக்கிள், 13.1 மைல் ஓட்டம் மூன்றையும் கூட்டினால் வருவது. முழு அயர்ன்மேன் இதைப்போல இரு மடங்கு, அதாவது 140.6 மைல். கர்நாடகத்தின் கோலார் தங்கவயல்காரருக்கு 70.3இன் தூரத்தைச் சொல்வது எளிது. பெங்களூரிலிருந்து தங்கவயல் ஏறக்குறைய 100 கி.மீ. அதில் பத்து கி.மீ. மட்டும் குறைத்துச் சைக்கிளில் மிதிக்க வேண்டும். அதற்கு முன்பே கடலில் ஏறத்தாழ இரண்டு கி.மீ. நீந்தியிருக்க வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும் அரை மராத்தான் ஓட வேண்டும்.

தோற்றம்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் சேர்த்து டிரையத்லான் என்ற பெயரில் முதலில் போட்டி நடத்தியது அமெரிக்காவின் சான் டியாகோ தடகளக் கழகம். 1974 செப்டம்பர் 25 அன்று மிஷன் பே என்ற இடத்தில் நடந்த அந்தப் போட்டியில் 46 பேர் கலந்துகொண்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து ஹவாயில் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் அதைப் பெரிதாக்கினார். அங்கே தனித்தனியாக நடந்துவந்த கடல் நீச்சல், தீவைச் சுற்றும் சைக்கிள் பந்தயம், ஹொனலூலு மராத்தான் மூன்றையும் ஒரே நாளில் அடுக்கினார். 1978 பிப்ரவரி 18 அன்று ஓவாஹு தீவில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முதலில் வந்தார். 1981இல் போட்டி கோனா நகரம் இருக்கும் ஹவாயின் பெரிய தீவுக்கு மாறியது. இன்றும் அயர்ன்மேன்காரர்களுக்குக் கோனாதான் காசி.

ஒலிம்பிக்கில் டிரையத்லான் சேர்ந்தது 2000இல், சிட்னியில். அங்கே தூரம் குறைவு: 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம்.

இந்தியாவில் இந்த விளையாட்டு வெகுநாள் ஒரு சிறு கூட்டத்துக்குள்ளேயே இருந்தது. நடிகரும் மாடலுமான மிலிந்த் சோமன் 2015இல் தம் ஐம்பதாவது வயதை ஒட்டி சூரிச் அயர்ன்மேனை 15 மணி 19 நிமிடத்தில் முடித்தபோதுதான் செய்தித்தாள் வாசகர் பலருக்கு அந்தப் பெயரே தெரியவந்தது. அப்போதெல்லாம் அயர்ன்மேன் பதக்கம் வேண்டுமென்றால் விமானம் ஏறியாக வேண்டும். மலேசியாவின் லங்காவி, பஹ்ரைன், துபாய் என்று போனார்கள். 2018 பிப்ரவரியில் கொழும்பில் 70.3 தொடங்கியதும் தென்னிந்தியருக்குத் தூரம் குறைந்தது. சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் அடைத்து விமானத்தில் ஏற்றும் பாடு மட்டும் குறையவில்லை.

முதல் போட்டி

கோவாவுக்கு அயர்ன்மேனைக் கொண்டுவந்தது தீபக் ராஜ் நிறுவிய யோஸ்கா என்ற நிறுவனம். 2019 அக்டோபரில் நடந்த முதல் போட்டியில் ஆண்கள் பிரிவில் முதலிடம் பெற்றவர் மணிப்பூரைச் சேர்ந்த ராணுவ வீரர் பிஸ்வர்ஜித் சாய்கோம். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 4 மணி 42 நிமிடம் 44 விநாடி. அடுத்த சில வாரங்களிலேயே நேபாளத்தின் பொக்காராவில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியின் டிரையத்லானில் அவர் வெள்ளிப் பதக்கம் வாங்கினார்.

கோவாவில் வயதுப் பிரிவு வாரியாக முன்னணியில் வந்தவர்களுக்கு 2020இல் நியூசிலாந்தின் டாவ்போவில் நடக்கவிருந்த 70.3 உலகப் போட்டிக்கு இடம் கிடைத்தது. சொந்த மண்ணில் ஓடி உலகப் போட்டிக்குச் சீட்டு வாங்கியது இந்தியருக்கு அதுவே முதல் முறை. ஆனால் டாவ்போவில் அந்த ஆண்டு போட்டி நடக்கவே இல்லை. அந்த நகரம் உலகப் போட்டியை நடத்தியது 2024 டிசம்பரில்தான்.

நின்றுபோன இரண்டு ஆண்டுகள்

கொழும்பின் மூன்றாவது 70.3 நடந்தது 2020 பிப்ரவரி 23இல். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, மார்ச் 25 முதல், இந்தியா முழுக்க ஊரடங்கு.

மற்றப் பல விளையாட்டுகளைவிட டிரையத்லானை ஊரடங்கு அதிகமாக வதைத்தது. காரணம் நீச்சல். ஓடுகிறவர் மொட்டை மாடியில் ஓடலாம். சைக்கிள்காரர் பின்சக்கரத்தை டிரெய்னர் என்னும் தாங்கியில் மாட்டி வீட்டுக்குள்ளேயே மிதிக்கலாம். நீந்துகிறவருக்குத் தண்ணீர் வேண்டும். மூடிய நீச்சல் குளங்களை விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்காக மட்டும் திறக்க மத்திய அரசு அனுமதித்தது 2020 அக்டோபர் 15 முதல். எல்லாருக்கும் அனுமதி கிடைக்க 2021 பிப்ரவரி ஆயிற்று. இரண்டே மாதத்தில் இரண்டாம் அலை வந்து திறந்த குளங்களையும் மூடவைத்தது. ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி, குனிந்து நின்று, கையை மட்டும் வீசி நீச்சல் பழகியவர்கள் உண்டு.

உலகம் முழுக்க இதே நிலைதான். 2020 ஏப்ரலில் அயர்ன்மேன் நிறுவனம் வீட்டிலிருந்தே கலந்துகொள்ளும் இணையவழிப் பந்தயங்களைத் தொடங்கியது. அதே மாதம், கோனாவில் மூன்று முறை வென்ற ஜெர்மனியின் யான் ஃபுரோடெனோ, ஸ்பெயினின் கிரோனாவில் உள்ள தம் வீட்டை விட்டு வெளியேறாமலே முழு அயர்ன்மேன் தூரத்தையும் முடித்தார். எதிர்நீரோட்டம் பாயும் சிறு குளத்தில் நீச்சல், அறைக்குள் சைக்கிள், ஓடுபொறியில் மராத்தான். அதன்மூலம் இரண்டு லட்சம் யூரோவுக்கும் மேல் நன்கொடை திரட்டினார்.

1978 முதல் ஹவாயில் நடந்துவந்த முழு அயர்ன்மேன் உலகப் போட்டி 2020இல் ரத்தானது. 2021க்கு உரிய போட்டி 2022 மே 7 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், செயின்ட் ஜார்ஜ் நகரில் நடந்தது. ஹவாயை விட்டு வெளியே உலகப் போட்டி நடந்தது அதுவே முதல் தடவை. ஆண்களில் நார்வேயின் கிறிஸ்டியன் புளும்மன்ஃபெல்ட், பெண்களில் சுவிட்சர்லாந்தின் டானியலா ரீஃப் வென்றார்கள். 2022 அக்டோபர் 6, 8 ஆகிய தேதிகளில் கோனா மறுபடி போட்டியைக் கண்டது. காத்திருந்தவர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் கடலில் இறக்க முடியாததால் முதல்முறையாக இரண்டு நாள் ஒதுக்கினார்கள். நார்வேயின் குஸ்டாவ் ஈடன் 7 மணி 40 நிமிடம் 24 விநாடியில் முடித்து அந்தத் தடத்தில் புதிய சாதனை படைத்தார்.

2022: திரும்பி வந்த போட்டி

கோனா முடிந்து ஐந்து வாரத்தில் கோவா. ஒரே ஒரு முறை நடந்து நின்றுபோன போட்டிக்குத் திரும்பி வருவது அவ்வளவு எளிதல்ல. கோனாவுக்கு நாற்பது ஆண்டுப் பெயர் இருந்தது. கோவாவிடம் இருந்தது 2019இன் நினைவு மட்டுமே. இப்போட்டிக்குக் கடல் வேண்டும், பொதுச் சாலை வேண்டும், போலீஸ், ஆம்புலன்ஸ், உயிர்காப்பாளர் எல்லாம் வேண்டும். அரங்கத்துக்குள் நடக்கும் ஆட்டம்போலப் பார்வையாளர் இல்லாமல் கதவை மூடி நடத்திவிட்டுப் போக வழியில்லை. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து கடல் அடங்கிய பிறகே நீச்சல் சாத்தியம் என்பதால் தேதிக்கும் அதிக இடமில்லை. அக்டோபர், நவம்பரை விட்டால் பிறகு சுற்றுலாக் கூட்டம்.

அந்த ஆண்டு, மூன்று பகுதிகளை மூவர் பங்கிட்டுக்கொள்ளும் ரிலே பிரிவில் சைக்கிள் பகுதியை ஓட்டியவர்களில் ஒருவர் பெங்களூரு தெற்கு மக்களவை உறுப்பினர் தேஜஸ்வி சூர்யா. இரண்டு ஆண்டுக்குப் பின், 2024 அக்டோபர் 27இல், மூன்றையும் தனியாளாக 8 மணி 27 நிமிடம் 32 விநாடியில் முடித்தார். எட்டரை மணிக் கெடுவுக்கு மீதம் இருந்தது 2 நிமிடம் 28 விநாடி. 2025 நவம்பர் 9 அன்று நடந்த போட்டியைத் தமிழக பா.ஜ.க.வின் முன்னாள் தலைவரும், கர்நாடகத்தில் ஐ.பி.எஸ். அதிகாரியாகப் பணியாற்றியவருமான கே. அண்ணாமலை முடித்தபோது தமிழ்ச் செய்தித்தாள்களிலும் அயர்ன்மேன் இடம்பிடித்தது.

போட்டி நாள்

மொத்தக் கெடு எட்டரை மணி நேரம் என்றாலும் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கெடு உண்டு. நீச்சலை 1 மணி 10 நிமிடத்துக்குள் முடிக்காதவர் சைக்கிளைத் தொட முடியாது. எல்லாரும் ஒன்றாகக் கடலில் பாய்வதில்லை. சிலர் சிலராக, சில விநாடி இடைவெளியில் இறங்குகிறார்கள். ரோலிங் ஸ்டார்ட் எனப்படும் இந்த முறை கொரோனாவுக்கு முன்பே இருந்தது. நெரிசலைத் தவிர்க்க வேண்டிய காலத்தில் அது கட்டாயமானது. கணுக்காலில் கட்டிய சிப் அவரவர் நேரத்தைக் கணக்கிடும்.

குளிர் கடல்களில் வீரர்கள் ரப்பர் நீச்சலுடை அணிவார்கள். அது உடலை மிதக்கவும் வைக்கும். தண்ணீர் 24.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் அதை அணிந்தவருக்குப் பரிசு கிடையாது, 28.8 டிகிரிக்கு மேல் யாருமே அணியக் கூடாது. வெதுவெதுப்பான அரபிக்கடலில் அந்த உடைக்கு வேலை இல்லை. குளத்தில் போல அடியில் கருப்புக் கோடும் இல்லை. சில கை வீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி மிதவையைப் பார்த்துத் திசையைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

கரையேறியதும் மாறுமிடம். வரிசை வரிசையாகக் கம்பிகள். அவற்றில் இருக்கையால் தொங்கும் சைக்கிள்கள். ஈரக் காலில் ஒட்டிய மணலைப் பாட்டில் தண்ணீரால் கழுவி, துண்டில் துடைத்து, ஷூவை மாட்ட வேண்டும். காலுறைக்குள் நாலு மணல் துகள் இருந்தால் போதும், ஓட்டத்தின் பாதியில் கொப்புளம். ஹெல்மெட்டின் தாடைப்பட்டையைப் பூட்டாமல் சைக்கிளைக் கம்பியிலிருந்து எடுத்தால் தண்டனை. குறித்த கோட்டைத் தாண்டும்வரை ஏறி உட்காரவும் கூடாது, தள்ளிக்கொண்டே ஓட வேண்டும்.

சைக்கிளில் முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு போவது குற்றம். 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். முந்துவதென்றால் 25 விநாடிக்குள் முந்திவிட வேண்டும். மீறினால் 5 நிமிடம் தண்டனைக் கூடாரத்தில் நிற்க வேண்டும். ஓட்டம் தொடங்கும்போது கோவா வெயில் தலைக்கு மேல் வந்திருக்கும். ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை உலராது, உடலின் சூடும் இறங்காது. ஐஸ் கட்டி, உப்பு மாத்திரை, குளுக்கோஸ் ஜெல் இவற்றை நம்பித்தான் கடைசி 21 கி.மீ.

ஆபத்தும் செலவும்

டிரையத்லானில் உயிருக்கு ஆபத்தான பகுதி வெயிலில் ஓடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்கப் போட்டிகளில் கலந்துகொண்ட ஏறத்தாழ 9.6 லட்சம் பேரை ஆராய்ந்து 2010இல் வெளியான மருத்துவ ஆய்வு வேறு சொல்கிறது. நேர்ந்த 14 மரணங்களில் 13 நீச்சலின்போது. கொரோனாவுக்குப் பிறகு இதயம் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது. தொற்று கண்டவர்கள் அறிகுறி நீங்கிய கையோடு கடும் பயிற்சியில் இறங்காமல் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்று விளையாட்டு மருத்துவர்கள் வலியுறுத்தினார்கள்.

செலவு இன்னொரு தடை. நுழைவுக் கட்டணம் பல்லாயிரம் ரூபாய். அதற்கு மேல் பந்தய சைக்கிள், பயிற்சியாளர், பயணம், தங்கும் அறை. முதல் போட்டியை வென்றவர் ராணுவ வீரர் என்றாலும் கூட்டத்தில் பெரும்பங்கு மருத்துவர், மென்பொருள் துறையினர், தொழில் நடத்துவோர், அரசு அதிகாரிகள் என்று கையில் வசதி உள்ளவர்களே. தங்கவயல்போன்ற தொழிலாளர் ஊர்களின் கால்பந்து, ஹாக்கி மைதானங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு உடம்பில் வலு உண்டு. ஆனால் நீச்சல் குளமும் பந்தய சைக்கிளும் எட்டாத தூரத்தில் இருக்கின்றன.

தொடங்க விரும்புகிறவர் எடுத்த எடுப்பில் 70.3க்குப் பெயர் கொடுக்க வேண்டியதில்லை. 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம் கொண்ட ஸ்பிரின்ட் பிரிவுப் போட்டிகள் பல நகரங்களில் நடக்கின்றன. சென்னை ட்ரெக்கிங் கிளப் நடத்திய டிரையத்லான்களில் தொடங்கியவர்கள் பலர். கோவாவுக்குக் குறைந்தபட்ச வயது 18, மேல் வரம்பு இல்லை. பணம் கட்டும் முன் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குளத்தில் எத்தனை கி.மீ. நீந்தினாலும், தேர்ந்தவர் துணையோடு கடலில் சில முறையாவது நீந்திப் பழகாமல் மிராமரில் இறங்காதீர்கள்.