மறுபகுப்பாய்வில் ஆற்றல், ஈரப்பத வரவு-செலவு

வளிமண்டலத்துக்குள் வரும் வெப்பத்தையும் நீராவியையும் வெளியேறுவதோடு ஒப்பிட்டு, மறுபகுப்பாய்வுத் தரவு எவ்வளவு நம்பத்தக்கது என்று சோதிக்கும் முறை இது. பலூன், கப்பல், விமானம், செயற்கைக்கோள் ஆகியவை பல்லாண்டுகளாகத் திரட்டிய அளவீடுகளை ஒரே கணினி மாதிரியில் மீண்டும் செலுத்தி, உலகம் முழுமைக்கும் இடைவெளியில்லாத வானிலை வரலாறு தயாரிப்பதே மறுபகுப்பாய்வு.

கணக்குப் பார்க்கும் வழக்கம் மறுபகுப்பாய்வுக்கும் முந்தியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் விக்டர் ஸ்டாரின் குழு பலூன் அளவீடுகளைக் கொண்டே இதைச் செய்தது. 1958-இல் ஸ்டாரும் போர்ச்சுகீசியரான பெய்ஷோட்டோவும் உலக நீராவிச் சமநிலையைப் பாலைவனங்களின் நீரியலோடு இணைத்து எழுதினர். 1976-இல் ஊர்ட்டும் வொண்டர் ஹாரும், செயற்கைக்கோள் காட்டிய கதிர்வீச்சிலிருந்து காற்று சுமக்கும் வெப்பத்தைக் கழித்து, வட அரைக்கோளக் கடல்கள் சுமக்கும் வெப்பத்தை மதிப்பிட்டனர்.

அன்றாடக் கணிப்புக்கான பகுப்பாய்வுகளும் பின்னர் கிடைத்தன. ஆனால் மாதிரியை மாற்றும்போதெல்லாம் தரவில் ஒரு துள்ளல் விழுந்தது. அது வானிலை மாற்றமா மாதிரி மாற்றமா என்று பிரித்தறிய முடியவில்லை. மாறாத ஒரே மாதிரியில் எல்லாவற்றையும் மீண்டும் ஓட்ட வேண்டும் என்று 1988-இல் பெங்ட்சனும் இந்தியாவில் பிறந்த ஜகதீஷ் சுக்லாவும் முன்மொழிந்தனர். 1996-இல் யூஜினியா கால்னே குழுவின் அமெரிக்க மறுபகுப்பாய்வு வெளிவந்தது. ஐரோப்பிய நடுத்தரகால வானிலைக் கணிப்பு மையத்தின் ஈ.ஆர்.ஏ வரிசையும் ஜப்பானின் தொகுப்புகளும் வளர்ந்தன.

கணக்கு முதலில் இடறுவது காற்றின் நிறையில்தான். காற்று ஓரிடத்தில் குவிவதும் விரிவதும் அதன் மொத்த ஓட்டத்தில் மிகச் சிறிய பகுதி. அதில் நேரும் சிறு பிழையின் விளைவை 1922-இலேயே ரிச்சர்ட்சனின் கணிப்பு காட்டியது: அசையாது நின்ற காற்றழுத்தம் ஆறு மணி நேரத்தில் 145 மில்லிபார் ஏறும் என்றது அது. மறுபகுப்பாய்வில் பிழை இவ்வளவு பெரிதல்ல. ஆயினும் காற்று வெப்பத்தைச் சுமந்து செல்வதால், பொய்யாகக் குவிந்த காற்று பொய்யான வெப்பத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது. 1991-இல் கெவின் டிரென்பெர்த் இந்த நிறைக் குறையை ஆராய்ந்து, உலர்காற்றின் நிறை மாறாதபடி காற்றின் வேகத்தைத் திருத்தும் வழியை வகுத்தார். இத்துறையின் திருப்புமுனை இதுவே.

ஈரப்பதத்தின் சிக்கல் வேறு. ஒவ்வொரு முறையும் மாதிரியை அளவீட்டின் பக்கம் இழுக்கும்போது, இயற்கையில் இல்லாத நீராவி சேர்கிறது அல்லது மறைகிறது. அதனால் ஆவியாதலும் மழையும் சமன்படுவதில்லை. ஈ.ஆர்.ஏ-40-இல் வெப்பமண்டலக் கடல்கள்மீது, குறிப்பாக 1991-க்குப் பின், மழை மிகையாயிற்று. நாசாவின் மெர்ரா தொகுப்பில், 1998-இன் இறுதியில் புதிய நுண்ணலைக் கருவியின் தரவு சேர்ந்ததும் மழைக்கணக்கு துள்ளியது. வானம் மாறவில்லை, கருவிதான் மாறியது.

2011-இல் டிரென்பெர்த், ஃபசுல்லோ, மக்காரோ மூவரும் பல மறுபகுப்பாய்வுகளை ஒப்பிட்டனர். கடலிலிருந்து நிலத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 40,000 கன கிலோமீட்டர் நீர் நீராவியாக வருகிறது. ஏறத்தாழ அதே அளவு ஆறுகள் வழியே திரும்புகிறது. மாதிரி தானே கணித்த மழையையும் ஆவியாதலையும்விட, காற்றையும் ஈரப்பதத்தையும் கொண்டு கணக்கிட்ட நீராவி ஓட்டமே நம்பத்தக்கது என்பது இவ்வகை ஆய்வுகள் தரும் பாடம்.

2017-இல் விவரிக்கப்பட்ட மெர்ரா-2, உலர்காற்றின் நிறையை மாறாமல் காத்தது. 31 கிலோமீட்டர் நுணுக்கமும் மணிக்கொரு பதிவும் கொண்ட ஈ.ஆர்.ஏ-5-இன் கணக்கு முந்தைய தொகுப்புகளைவிடச் சீரானது. இந்தியப் பருவமழைக்கென 12 கிலோமீட்டர் நுணுக்கத்தில் உருவான இம்டா என்னும் மறுபகுப்பாய்வு, 1979 முதலான ஆண்டுகளை உள்ளடக்கியது.

புவி இன்று வெளிவிடுவதைவிடக் கூடுதலாகப் பெறும் வெப்பம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு வாட்தான். மறுபகுப்பாய்வுகளின் பிழை பல வேளைகளில் இதைவிடப் பெரிது. எனவே அவற்றிலிருந்து நீண்டகால மழைப் போக்கைக் காட்டுவோர், அந்த ஆண்டுகளில் எந்தச் செயற்கைக்கோள் தரவு புதிதாகச் சேர்ந்தது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.