தூண்டிலும் ஓய்வு நாளும்



ஞாயிற்றுக்கிழமை மாலையில் போர்ட் டிக்சன் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள. தெலுக் கெமாங் மணலிலும், பாசிர் பாஞ்சாங் ஓரத்திலும், தஞ்சோங் துவான் பக்கத்துப் பாறைகளிலும் ஆங்காங்கே சிலர் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். மலாய்க்காரர் இருப்பார், சீனர் இருப்பார், நம்மவரும் இருப்பார். பக்கத்தில் ஒரு வாளி, ஒரு பிளாஸ்க் தேநீர், கூட வந்த பிள்ளைகள் இரண்டு பேர். இரண்டு மணி நேரம் காத்திருந்தும் வாளி காலியாகவே இருக்கலாம். அதற்காக அவர்கள் வருத்தப்படுவதாகத் தெரியாது.

“வேலை வெட்டி இல்லாதவன் செய்யும் காரியம்” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் இதைக் கேலி செய்வதுண்டு. ஆனால் சற்றே எண்ணிப் பார்த்தால், இந்தச் சாதாரணக் காட்சிக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருப்பது புலப்படும். வயிற்றுக்காக மீன் பிடிப்பது மனிதனின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. மன ஆறுதலுக்காக மீன் பிடிப்பது வேறு. அதற்குத் தூண்டிலும் இரையும் மட்டும் போதா. தனக்கென்று சொந்தமான நேரமும் வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு அந்த நேரம் எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

தூண்டில் நமக்குப் புதியதன்று. பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் ஆயிற்று. அங்கே வாழ்ந்த பரதவர் வலையும் தூண்டிலும் கொண்டு பிழைத்தனர். திருவள்ளுவரும் சூதாட்டத்தின் கேட்டைச் சொல்ல வந்தபோது, தூண்டிலை விழுங்கும் மீனைத்தான் உவமையாக எடுத்தார். ஆனால் அவையெல்லாம் பிழைப்புக்கான தூண்டில்கள்.

பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட்டவர் யார்? 12ஆம் நூற்றாண்டில் கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் ‘மானசோல்லாசம்’ என்ற வடமொழி நூலை இயற்றினார். அரசனுக்குரிய பொழுதுபோக்குகளை அந்நூல் விவரிக்கிறது. மீன் பிடிக்கும் விளையாட்டும் அவற்றுள் ஒன்று. மீன்களின் வகைகளையும், எந்த மீனுக்கு என்ன இரை ஏற்றது என்பதையும் மன்னரே எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் ஐசக் வால்டன் என்பவர் தூண்டில் கலையைப் பற்றி எழுதிய நூல் 1653இல் வெளிவந்தது. அவர் லண்டனில் வியாபாரம் செய்தவர். ஆக, முதலில் அரசனுக்கும், பிறகு வசதியுள்ள வணிகருக்கும் உரியதாக இருந்தது இந்தப் பொழுதுபோக்கு. கூலிக்கு உழைத்தவனுக்கு அது எட்டாத ஒன்றாகவே இருந்தது.

இனி நம் நெகிரி செம்பிலான் கடற்கரைக்கு வருவோம். தஞ்சோங் துவானுக்குக் கேப் ரச்சாடோ என்றும் பெயர். போர்ட் டிக்சனை ஒட்டியே இருந்தாலும் இந்த முனை மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தமானது. 1606ஆம் ஆண்டில் டச்சுக்காரருக்கும் போர்த்துக்கீசியருக்கும் இதன் அருகே பெரும் கடற்போர் நடந்தது. இன்று அங்கே நிற்கும் வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1863இல் கட்டப்பட்டது. மலாக்கா நீரிணை வழியாகச் சென்ற எத்தனையோ கப்பல்களுக்கு அது வழிகாட்டியது.

அந்தக் கப்பல்களில் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் வந்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு போன்ற உள்நாட்டு மாவட்டங்களில் ஏர் பிடித்தவர்கள். கடலை அவர்கள் முதன்முதலாகக் கண்டதே கப்பலில் ஏறிய அன்றுதான். கடல் என்றால் அவர்களுக்கு வாந்தியும் காய்ச்சலும் பிரிவும்தான். கரையில் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்க்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்குமா?

சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கு 1891இல் ரயில் பாதை திறக்கப்பட்டது. ஈயமும் காப்பியும் பின்னர் ரப்பரும் அந்த வழியே துறைமுகத்துக்குப் போயின. வெள்ளைக்காரத் துரைமார்களும் அரசாங்க அதிகாரிகளும் காற்று வாங்கவும் குளிக்கவும் போர்ட் டிக்சனுக்கு வந்தார்கள். கடலோரத்தில் பங்களாக்கள் எழுந்தன. ரப்பர் கொழித்த அந்தக் காலத்தில் சுவா பெத்தோங், பிராட்வால், அதர்ட்டன் போன்ற தோட்டங்களில் நம்மவர்கள் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கடல் சைக்கிளில் எட்டிவிடும் தூரம்தான். ஆனாலும் அது வெகு தொலைவில் இருந்தது. விடியுமுன் பெரட்டு, பிறகு மரம் வெட்டு, பால் எடுப்பு, ஸ்டோரில் நிறுவை. வீடு திரும்பினால் விறகு, தண்ணீர், துணி. இறந்தவரின் சாம்பலைக் கரைக்கத்தான் பல குடும்பங்கள் கடலைத் தேடிப் போயின.

ஆயினும் தூண்டில் தோட்டத்தில் இல்லாமற் போகவில்லை. லயத்துப் பிள்ளைகள் மூங்கில் கழியில் நூலைக் கட்டி, மண்புழுவைக் கோத்துத் தோட்டத்துக் கால்வாயிலும் குட்டையிலும் போட்டார்கள். விராலும் கெளுத்தியும் கிடைத்தன. விராலை ‘ஹாருவான்’ என்று மலாய்ப் பெயரிலேயே அழைத்துப் பழகினோம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அருகியபோது, மரவள்ளிக் கிழங்கோடு அந்த ஆற்று மீனும் பல வீடுகளில் உயிர் காத்தது. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டவர்களின் பிள்ளைகள், அப்பா திரும்பி வருவாரென்று காத்திருந்த காலம் அது. 1945 செப்டம்பர் 9ஆம் நாள் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் மோரிப்பிலும் போர்ட் டிக்சன் கடற்கரையிலும் வந்து இறங்கின. அந்தப் படையில் தாயகத்து முகங்களைக் கண்டோம். ஆனால் சயாமுக்குப் போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவே இல்லை.

போருக்குப் பின் தொழிலாளர் தலை நிமிர்ந்தார்கள். பிரிந்து கிடந்த தோட்டத் தொழிற்சங்கங்கள் 1954இல் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராக நெடுங்காலம் பணியாற்றினார். 1955ஆம் ஆண்டின் வேலை வாய்ப்புச் சட்டம் 1957 ஜூன் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. நாடு சுதந்திரம் பெற அப்போது மூன்றே மாதங்கள் இருந்தன. வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு தொழிலாளியின் உரிமை என்று அந்தச் சட்டம் கூறிற்று. ஓய்வு நாளில் நாள் முழுதும் வேலை வாங்கினால் நாள் கூலிக்காரருக்கு இரட்டைச் சம்பளம் தரவேண்டும் என்றும் விதித்தது. துரையின் தயவு பார்த்துக் கிடைப்பதாக இருந்த ஓய்வு, கேட்டுப் பெறத்தக்க உரிமையாயிற்று.

உரிமை வந்தது, அந்த நாளை என்ன செய்வது என்ற கேள்வியும் உடன் வந்தது. சிலருக்குக் கள்ளுக்கடை விடை சொன்னது. கூலியும் ஞாயிறும் அங்கேயே கரைந்தன. அதன் கண்ணீரை நம் தாய்மார்களே அறிவார்கள். வேறு சிலர் சைக்கிளிலும் பஸ்ஸிலும் குடும்பத்தோடு கடற்கரைக்குப் புறப்பட்டார்கள். கட்டுச்சோறும் புளிச்சாதமும் கூடவே போயின. கால்வாயில் பழகிய தூண்டிலும் அவர்களோடு கடலுக்குப் போயிற்று.

அதற்கு ஒரு புதுப்பொருளும் துணை செய்தது. 1938இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் நைலானை உலகுக்கு அறிவித்தது. பருத்தி நூல் நனைந்து ஊறும், காயாவிட்டால் மக்கும். நைலான் நரம்போ உப்பு நீரில் கெடாது, மலிவு, மீனின் கண்ணுக்கும் எளிதில் தெரியாது. பால் டின்னிலோ போத்தலிலோ நைலானைச் சுற்றி, நுனியில் ஒரு முள்ளும் ஈயக்கட்டியும் கட்டினால் கைத்தூண்டில் தயார். விலை உயர்ந்த கழியும் சுருளும் இல்லாதவனும் கடலில் தூண்டில் போட முடிந்தது. இறால் துண்டோ, வற்றத்தின்போது சேற்றில் தோண்டி எடுத்த புழுவோ இரையாயிற்று. மணல் தரையில் கிழங்கான், பாறை இடுக்கில் கீச்சானும் கலவாவும், லிங்கி ஆற்று முகத்துவாரம் போன்ற இடங்களில் கத்தாளையும் கெளுத்தியும் கொடுவாவும் கிடைக்கும் என்று அனுபவம் கற்றுக் கொடுத்தது.

கடலின் கணக்கையும் கற்றோம். மலாக்கா நீரிணையில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். சந்திரனின் ஈர்ப்பே இதற்கு முதற்காரணம். ஒவ்வொரு நாளும் ஏற்ற நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். ஏழு நாளில் அது ஏறக்குறைய ஆறு மணி நேரமாகிவிடும். ஆகவே இந்த ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு ஏற்றம் என்றால், அடுத்த ஞாயிறு அதே வேளையில் வற்றமாக இருக்கும். அதற்கடுத்த ஞாயிறு மறுபடி ஏற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிக உயர்ந்து, மிக வற்றும். நீர் ஏறத் தொடங்கும் நேரம் தூண்டிலுக்கு நல்ல நேரம் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பூகோளத்தைப் பிள்ளைகள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தே படித்துவிடலாம்.

இதே கணக்கை அறியாதவர் ஆபத்தில் சிக்குவதும் உண்டு. வற்றத்தின்போது நடந்து போய் ஏறிய பாறை, ஏற்றத்தில் தீவாகிவிடும். பாசி படிந்த பாறை வழுக்கும். திரும்பும் வழி நனையத் தொடங்கும்போதே கரைக்கு வந்துவிட வேண்டும். இடி மின்னல் கண்டால் கழியை மடக்கிக்கொண்டு புறப்பட வேண்டும். பிள்ளைகளைப் பாறையில் தனியே விடலாகாது. ‘செம்பிலாங்’ என்னும் கடற்கெளுத்தியின் முள்ளிலும் திருக்கையின் வால் முள்ளிலும் நஞ்சு உண்டு. குத்திவிட்டால் தோல் வெந்துவிடாதபடி, பொறுக்கும் அளவு சூடான நீரில் அந்த இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும். 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் வெடி, நஞ்சு, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிப்பதைத் தடை செய்கிறது. முன்பு கால்வாயில் தூபா வேரை இடித்துக் கலக்கியவர்கள் உண்டு. அது பெரிய மீனோடு குஞ்சையும் கொல்லும். அறுந்த நைலானையும் கடலில் விட்டுவரக் கூடாது. அது மக்காமல் கிடந்து பறவையையும் ஆமையையும் சிக்க வைக்கும்.

நேயர்களே, இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பல இடிந்தன. அங்கே பிறந்தவர்களில் பலர் சிரம்பானிலும் பிற நகரங்களிலும் தாமான்களில் குடியிருக்கிறார்கள். சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்குப் பயணி ரயில் ஓடுவதில்லை. வேலைச் சட்டம் மட்டும் மேலும் முன்னேறி, 2023 ஜனவரி முதல் வார வேலை நேரத்தின் உச்ச வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்துள்ளது. ஆனால் ஓய்வு நாளிலும் மிகைநேர வேலை தேடிப் போக வேண்டிய நெருக்கடி எத்தனையோ வீடுகளில் இன்னும் இருக்கிறது. கடன் இருக்கிறது, பள்ளிச் செலவு இருக்கிறது. அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. என்றாலும் வருடத்தில் சில ஞாயிறுகளையாவது விற்காமல் வைத்துக்கொள்வோம்.

நம் பாட்டன்மார் கடந்து வந்த அதே நீரிணைதான் இது. அவர்கள் அச்சத்தோடு பார்த்த அலைகளை, அவர்களுடைய பேரன் பேத்திகள் கரையில் அமைதியாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். மன்னர் ஒருவர் தமக்குரியதென்று எழுதி வைத்த பொழுதுபோக்கு, உழைப்பவன் கைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. மீன் கிடைத்தால் இரவுக் குழம்புக்கு ஆகும். கிடைக்காவிட்டாலும், பிள்ளையோடு இரண்டு மணி நேரம் பேசியிருப்போம்.

அடுத்த ஞாயிறு ஏற்றம் எத்தனை மணிக்கு என்று இப்போதே கணக்குப் பார்த்து வையுங்கள்.