எண்ணப்பட்ட மரணங்களும் எண்ணப்படாத மரணங்களும்

அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டம் குறித்த விவாதம் எழும்போதெல்லாம் வாகனம் உவமையாக வந்து நிற்கிறது. வாகனம் ஓட்டத் தேர்வும் உரிமமும் வேண்டுமெனில் துப்பாக்கிக்கு ஏன் வேண்டாம் என்று ஒரு தரப்பு கேட்கிறது. குடித்துவிட்டு ஓட்டும் ஒருவனுக்காக எல்லோருடைய வாகனத்தையும் பறிப்போமா என்று மறுதரப்பு கேட்கிறது. இரு தரப்பும் உவமையை எடுத்தாள்கின்றன. அதன் வரலாற்றுக்குள் செல்வோர் குறைவு. நாம் அங்கே சற்று சென்று வருவோம்.

1966இல் அமெரிக்கச் சாலைகளில் ஏறத்தாழ 50,000 பேர் மாண்டனர். பிழை ஓட்டுநருடையது, அவரைத் திருத்தினால் போதும் என்பதே வாகன நிறுவனங்கள் நெடுங்காலம் சொல்லிவந்த விடை. 1965இல் வெளிவந்த ரால்ஃப் நேடரின் ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ என்னும் நூல் ஓட்டுநரை விட்டு வாகனத்தைக் கூண்டில் ஏற்றியது. மறு ஆண்டே வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதைச் செயற்படுத்த அமைந்த அரசு அலுவலகத்தின் முதல் தலைவரான வில்லியம் ஹாடன் ஒரு மருத்துவர். கொள்ளைநோயை ஆராயும் கண்ணோடு அவர் விபத்தை ஆராய்ந்தார். மனிதன் தவறுவான், தவறும்போது அவன் உடலைத் தாக்கும் விசையைக் குறைப்பது எப்படி என்பதே அவருடைய கேள்வி. மோதினால் மடங்கும் ஸ்டீயரிங் தண்டும் சீட் பெல்ட்டும் கட்டாயமாயின. 1975 முதல் உயிர்ப்பலி கொண்ட விபத்துகள் ஒவ்வொன்றாகத் தேசிய அளவில் பதிவாயின. 1966இல் 10 கோடி மைல் பயணத்துக்கு ஐந்துக்கு மேலிருந்த மரணம், 2019இல் ஏறத்தாழ ஒன்றாகக் குறைந்தது. இதற்காக யாருடைய வாகனமும் பறிக்கப்படவில்லை.

துப்பாக்கியின் வரலாறு வேறு திசையில் சென்றது. மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி ஆகியோர் கொல்லப்பட்ட 1968இல் விற்பனைக் கட்டுப்பாடுகள் வந்தன. ஆனால் 1972இல் அமைந்த நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பிலிருந்து துப்பாக்கிக்கு விலக்கு அளிக்கப்பட்டது. விளையாட்டுத் துப்பாக்கியை அந்த ஆணையம் சோதிக்கலாம். உண்மைத் துப்பாக்கியைத் தொட இயலாது. வீட்டில் துப்பாக்கி இருப்பது அவ்வீட்டில் கொலை நேரும் வாய்ப்போடு தொடர்புடையது என்று 1993இல் ஓர் ஆய்வு கூறியது. அதற்கு நிதியளித்தது அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். ஆர்கன்சாஸ் உறுப்பினர் ஜே டிக்கியின் பெயரால் அறியப்படும் 1996ஆம் ஆண்டுத் திருத்தம், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்குப் பரிந்துரைக்க அம்மையத்தின் நிதியைச் செலவிடலாகாது என்றது. துப்பாக்கிக் காய ஆய்வுக்கு முந்தைய ஆண்டு செலவான 26 லட்சம் டாலரும் அதன் நிதியிலிருந்து கழிக்கப்பட்டது. ஆய்வைச் சட்டம் நேராகத் தடுக்கவில்லை, அச்சம் தடுத்தது.

உவமைக்கு எல்லை உண்டு என்பதையும் நாம் மறக்கலாகாது. ஆயுதம் வைத்திருப்பதை அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் காக்கிறது. அது தனிமனித உரிமையே என்று 2008இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாகனம் ஓட்டுதலுக்கு அத்தகைய காப்பு இல்லை. மரணத்தின் இயல்பும் வேறு. 2021இல் துப்பாக்கியால் மாண்ட 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். குற்றப் பின்னணியே இல்லாத, சுடுதலில் தேர்ந்த உரிமையாளருக்கும் ஓர் இருண்ட இரவு வரலாம்; அலமாரியைத் திறக்கும் மகன் இருக்கலாம். துப்பாக்கியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்று 1989இல் ஃபுளோரிடா முதன்முதலாகச் சட்டம் இயற்றியதன் பொருள் இதுவே. பூட்டிய பெட்டியும் சீட் பெல்ட்டைப் போன்றதுதான். நல்ல ஓட்டுநரும் அதை அணிகிறார். அணிவது அவர் நேர்மைக்கு இழுக்காவதில்லை.

ஜே டிக்கி 2012இல் மனம் மாறினார். முன்பு தம்மோடு மோதிய ஆய்வாளர் மார்க் ரோசன்பெர்குடன் இணைந்து, சாலைப் பாதுகாப்பையே சான்றாகக் காட்டி, ஆய்வு தொடர வேண்டுமென எழுதினார். 2019 இறுதியில் நாடாளுமன்றம் 2.5 கோடி டாலர் ஒதுக்கியபோது அவர் உயிரோடு இல்லை. அடுத்த ஆண்டு, 1 முதல் 19 வயதுக்குட்பட்டோரின் மரணங்களில், சாலையை முந்தித் துப்பாக்கி முதலிடம் பிடித்தது. பொறுப்பைத் தனிமனிதனிடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு எண்ணுவதை நிறுத்திய ஒரு சமூகம் அதற்குக் கொடுத்த விலையை, அந்தப் பட்டியலில் நாம் படிக்கிறோம்.