திறந்த கதவுக்கு வெளியே

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் டச்சுக் கல்லறையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. நுழைவாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகளுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். 1613-இல் எழுந்த ஜெல்டிரியா கோட்டை இன்று முள்ளும் புதரும் மூடிய மேடு. கல்லறைக் கல்லில் மட்டும் பெயர், ஊர், இறந்த தேதி, குடும்பச் சின்னம் எல்லாம் முந்நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகும் தெளிவாகத் தெரிகிறது. செத்தும் பெயரோடு இருக்கிறவர்கள் அவர்கள்.

இந்த ஊரிலிருந்து ஒரு புத்தகமும் போயிருக்கிறது. அது எப்படி நிலைத்தது என்று பார்த்தால் எது நிலைக்காமல் போனது என்பதும் தெரியும்.

ஆபிரகாம் ரோகேரியஸ் என்ற டச்சுப் பாதிரி 1630-களில் சுமார் பத்து ஆண்டுகள் இங்கே இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணர் அவருக்கு விவரம் சொன்னார். இருவருக்கும் பொதுவாக இருந்தது போர்த்துகீசிய மொழி. வேதம் என்ன, வருணம் என்ன, கோயில் என்ன, கல்யாணம் எப்படி, சாவு எப்படி என்று பாதிரி கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே போனார். ரோகேரியஸ் 1649-இல் ஹாலந்தில் இறந்தார். 1651-இல் அவர் மனைவி முயன்று லெய்டன் நகரில் புத்தகத்தை வெளிக்கொண்டு வந்தார். தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘மறைந்திருக்கும் புறமதத்துக்குத் திறந்த கதவு’.

அந்தப் புத்தகத்தின் பின்னால் பர்த்ருஹரியின் நீதி, வைராக்கியம் இரண்டு சதகங்களும் டச்சு மொழியில் சேர்ந்தன. மூன்றாவது சதகம், காதலைப் பற்றியது, அதில் இல்லை. ஐரோப்பிய மொழியில் அச்சேறிய முதல் சமஸ்கிருத இலக்கியம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். 1663-இல் ஜெர்மனில் வந்தது, 1670-இல் பிரெஞ்சில் வந்தது. நூற்று நாற்பது வருஷம் கழித்து ஹெர்டர் அதிலிருந்து எடுத்துத் தன் ஜெர்மன் வாசகர்களுக்குக் கொடுத்தார். 1915-இல் மறுபதிப்பும் கண்டது. நம் ஏரிக்கரையில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசிய பேச்சு, தலைமுறை தலைமுறையாகப் படிக்கிறவர்களோடு ஒட்டிக்கொண்டது. எழுதியவர் நேர்மையான மனிதர்தான், சொன்னவர் பெயரை மறைக்காமல் போட்டார். அதனால்தான் பத்மநாபனை இன்றைக்கு நமக்கும் தெரிகிறது.

அதே புத்தகம் பறையரைப் பற்றியும் சொல்கிறது. நான்கு வருணத்திலும் சேராதவர்கள், ஒதுங்கி வாழ்கிறவர்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறது. யார் வாயால்? பத்மநாபன் வாயால்தான். சேரிக்குள் போய் ‘உன் சாமி எது, உன் பாட்டு எது, உன்னை எவன் ஒதுக்கினான்’ என்று ஒருவரிடமாவது பாதிரி கேட்டிருந்தால் ஐரோப்பா இந்தியாவைப் பற்றிப் படித்த முதல் பாடமே வேறாக இருந்திருக்கும். கதவு திறந்ததுதான். எந்தப் பக்கமாக?

பாதிரி ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்த அதே கோட்டைக்காரர்கள் மனிதர்களை வாங்கி விற்றவர்கள். 1620-களிலிருந்து சோழமண்டலக் கரையில் பஞ்சம் வரும்போதெல்லாம், குறிப்பாக 1640-களின் நடுவில் வந்த பஞ்சத்தில், வயிற்றுக்கில்லாமல் தன்னையும் பிள்ளைகளையும் விற்றவர்களை டச்சுக் கம்பெனி கப்பலேற்றி பத்தாவியாவுக்கு அனுப்பியது. பழவேற்காடு அதற்கொரு முக்கியத் துறை. அந்த நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து போனவர்கள் பல்லாயிரம் பேர். பஞ்சத்தில் முதலில் விலைக்குப் போகிறவன் நிலம் இல்லாதவன். அவன் எந்தத் தெருக்காரன் என்று நம் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி கணக்குப் புத்தகத்தில் அவர்கள் தலைக்கணக்காக இருக்கிறார்கள். தேதி செதுக்கிய கல் ஒருத்தருக்கும் இல்லை.

இன்னொரு புத்தகத்தின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். சென்னையில் ஹாரிங்டன் துரை வீட்டில் பட்லராக இருந்தவர் கந்தப்பன். அவர் வீட்டில் திருக்குறள், நாலடி நானூறு ஓலைச் சுவடிகள் இருந்தன. அவற்றை அவர் எல்லிஸ் துரையிடம் கொடுத்தார், அதன் பிறகே அவை அச்சுக்குப் போயின என்று கந்தப்பனின் பேரன் எழுதுகிறார். அந்தப் பேரன்தான் அயோத்திதாசப் பண்டிதர். 1907 ஜூன் 19-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தொடங்கி, 1914-இல் சாகும்வரை நடத்திய சொந்தப் பத்திரிகையில் இதை எழுதினார். சொந்தப் பத்திரிகை இல்லையென்றால் கந்தப்பனும் கப்பலேறியவர்களைப் போல காணாமல் போயிருப்பார். இத்தனைக்கும் அந்தப் பத்திரிகையே பல காலம் கண்ணில் படாமல் கிடந்தது. கோலார் தங்கவயலிலும் மற்ற இடங்களிலும் பழைய இதழ்களைச் சேர்த்து வைத்திருந்த குடும்பங்கள் இல்லாவிட்டால், 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து பாளையங்கோட்டையிலிருந்து வந்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ நமக்குக் கிடைத்திருக்காது. எம்.ஏ. தமிழ் படித்தபோது திருக்குறள் உரைகாரர்கள் பத்துப் பேர் பெயரையும் ஒப்பித்தேன். கந்தப்பன் பெயரை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

சில வருஷம் முன்பு ஏரிக்கரையில் நம் ஜனங்கள் இருக்கிற ஒரு காலனியில் சாயங்காலப் படிப்பு நடத்தினோம். அங்கே ஒரு அக்கா வீட்டில் பாமாவின் ‘கருக்கு’ இருந்தது. 1992-இல் வந்த புத்தகம். அட்டை இல்லை, முன்பக்கம் பத்துப் பன்னிரண்டு தாள் இல்லை, உப்புக் காற்றில் ஓரமெல்லாம் பழுத்துப்போயிருந்தது. பத்தாவதோடு நின்றவர் அவர். டீச்சர் ஒருத்தர் கொடுத்துவிட்டுப் போனதாம். ‘எத்தினி வாட்டி படிச்சிருப்பீங்க’ன்னு கேட்டேன். ‘அதெல்லாம் யாரு எண்ணுனா? பொண்ணுங்க வாங்கிகினு போவும், திரும்பி வரும்’ என்றார். கிழிந்துபோன முன்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவரே கதையாகச் சொல்லுவார். நான் ஊருக்குப் போய் என் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பாதிதான் பாமா எழுதியது, மீதி அக்காவுடையது. நன்றாகத்தான் இருந்தது.

வடைப் பொட்டலத்தைக் கை படாமல் கயிற்றில் பிடித்துக்கொண்டு போகும் பெரியவர் கதை வரும் இடத்தில் எப்போதும் நிறுத்திவிடுவார். ‘எங்க ஆயாவுக்குத் தண்ணிய மேல இருந்து கையில ஊத்துவாங்களாம். அது சொல்லும்போது சிரிக்கும், நாங்களும் சிரிப்போம். இத்தப் படிச்ச பொறவுதான் சிரிப்பு நின்னுபோச்சி.’

ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. இறால் வரும் நீரோட்டத்தில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று பட்டினவர் கிராமங்கள் தங்களுக்குள் முறை போட்டுப் பங்கிட்டுக்கொள்வது. ஆய்வாளர்கள் இதை வெகுவாகப் புகழ்வார்கள். அரசாங்கம் இல்லாமலே வளத்தைக் காக்கிறார்கள், சண்டை இல்லாமல் பகிர்கிறார்கள் என்று. அதில் உண்மை இருக்கிறது, துறைமுகமும் ஆலையும் ஏரியை நெருக்குகிற காலத்தில் பட்டினவரும் பாவப்பட்டவர்கள்தான். ஆனால் அந்த முறைக்குள் பிறப்பால்தான் நுழைய முடியும். நம் ஜனங்களும் இருளரும் மார்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்று, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலை போட்டால் தகராறு. ‘பகிர்வு’ என்று புத்தகத்தில் எழுதுகிறவர்கள் யாரிடம் கேட்டு எழுதுகிறார்கள்? பத்மநாபன்கள் தீர்ந்துபோகவில்லை, வேறு வேறு சாதியில் இருக்கிறார்கள்.

இதை நான் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தேன். அக்கா பறி முடைந்துகொண்டே கேட்டார், ‘அந்தம்மா அவங்க ஊரு கதய எழுதிச்சி. ஏரில நடந்தத யாரும்மா எழுதுவா?’ நான் ஆய்வு மாணவர்கள் பெயர் இரண்டு மூன்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஓலையை நறுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை போனபோது பையன் பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். ஆறு பக்கம் பென்சிலில் எழுதியிருந்தார். எந்தக் காற்றுக்கு எந்த இறால் வரும், சேற்றில் கால் வைக்கும் விதம், மீன் முள் குத்தினால் என்ன வைத்துக் கட்டுவது, வலையைப் பிடுங்கிக்கொண்டு போன வருஷம், அன்றைக்கு அவர் மாமியார் கேட்ட கேள்வி. தன் பெயரைப் போடவில்லை. கேட்டதற்கு, ‘முடிக்கட்டும், போட்டுக்கலாம்’ என்றார். திரும்பும்போது வாசல்வரை வந்து, வரும்போது பெரிய நோட்டு ஒன்று, கோடு போடாதது, வாங்கிவரச் சொன்னார். பையன் கணக்குப் போட இடம் இல்லையென்று திட்டுகிறானாம்.